நாலு பட்டைச் சட்டை

தேவசுந்தரம் அந்தச் சட்டையை ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவில் ஒரு பாகிஸ்தானி தையல்காரரிடம் தைத்து வாங்கினார். வெள்ளைச் சட்டை, இரண்டு தோளிலும் தங்க நிறத்தில் நான்கு பட்டைகள். பெரிய விமானக் கம்பெனிகளில் கேப்டன்கள் போடுவது. அவர் உறுப்பினராக இருந்த விமான கிளப்பில் மற்றவர்கள் அரைக்கால் சட்டையும் செருப்புமாகத்தான் வருவார்கள். அவரைப் பார்த்ததும் சிலர் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார்கள். அது கிண்டல் என்று அவருக்கு மட்டும் தெரியாது.

மருமகன் பெபினுக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தேவசுந்தரம் குளச்சலிலிருந்து வெல்டராக வந்தவர். துபாய் ஜெபல் அலியில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் கம்பெனி ஒன்றுக்கு முதலாளியாகி, ஐம்பது வயதில் விமானம் ஓட்டப் படித்து, லைசென்ஸ் எடுத்து, நாலு பேர் உட்காரும் பழைய செஸ்னா விமானம் ஒன்றையும் வாங்கினார். அதுவரை பெபினுக்கு அவர்மேல் மதிப்புதான். மாமனார் வற்புறுத்தியதால் அவனும் தன் சம்பளத்தில் படித்து லைசென்ஸ் எடுத்தான். ஆனால் 2006இல் தேவசுந்தரத்துக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு விமானிகளுக்கு வேண்டிய மருத்துவச் சான்றிதழை அவருக்குப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பயணியாக உட்காரலாம், ஓட்டக் கூடாது.

அவர் அதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பெபினுக்குப் போன் வரும். "மாப்ள, இண்ணு பறக்கலாம்." மறுத்தால் ஒரு வாரத்துக்கு மாமியார் ஜெபகனி பேசமாட்டாள்.

ஓட்டுவது பெபின். சக்கரம் தரையைத் தொட்டு இஞ்சின் நின்றதும் கேப்டன் தேவசுந்தரம். ஏதாவது ஒரு சிறிய விமான நிலையத்தில் போய் இறங்குவார்கள். அவர் முதலில் இறங்கி, கை குலுக்கி, "மை ஏர்கிராஃப்ட்" என்பார். டீ ஷர்ட்டோடு பின்னால் நிற்கும் பெபினைக் காட்டி, "மை சன்-இன்-லா, ஹெல்ப்பிங்" என்பார். பெபின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருப்பான்.

மறு வருடம் மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஹஜர் மலைக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய விமான நிலையத்துக்குப் போனார்கள். பெபினின் மனைவி அஜிஷாவும் பின் இருக்கையில் வந்தாள். தேவசுந்தரத்துக்கு ஒரே மகள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கும் கணவனுக்கும் நடுவில் பேச வேண்டி வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள்.

இறங்கிய இடத்தில் வரவேற்பு சரியில்லை. ஒரு காவலாள் ஓடிவந்து, விமானத்தை விட்டு நகரக் கூடாது என்று கையைக் காட்டினான். டெர்மினல் கண்ணுக்கெதிரே இருந்தது. நடந்து போகக் கூடாதாம், வண்டி வரும்வரை நிற்க வேண்டுமாம். வண்டி வரவில்லை. இறக்கையின் நிழலில் மூவரும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அஜிஷா கேமராவை எடுத்ததும், "போட்டோ மாஃபி, நோ போட்டோ" என்று காவலாள் பையைப் பிடித்து இழுத்தான். பெபின் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"மாப்ள, சும்ம இரியும். நான் பேசுதேன்" என்றார் தேவசுந்தரம். அவர் பேசியதில் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் வண்டியில் வந்தது டியூட்டி அதிகாரி மக்தூம். முப்பது வயதிருக்கும். சிறிய விமானங்களை அவருக்குப் பிடிக்காது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எதற்கு வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"லஞ்ச்" என்றார் தேவசுந்தரம், சிரித்தபடி.

"உங்கள் ஊரில் ஹோட்டல் இல்லையா?" மக்தூம் சிரிக்கவில்லை. "உங்கள் பொம்மைக்கு இங்கே பெட்ரோல் கிடையாது. நாலு மணிக்கு ஒரு பெரிய விமானம் வருகிறது. அதற்குள் இந்த இடம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டர் கட்டி இழுத்து மணலில் விட்டுவிடுவேன்."

டெர்மினலில் இருந்த ஒரே உணவகத்தில் பிரியாணி சாப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சொந்த விமானத்தில் வந்தவர்கள், அவர்களையும் மக்தூம் வெயிலில் நிற்க வைத்திருந்தார். தேவசுந்தரம் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு, இன்று குறுக்குக் காற்றில் விமானத்தைத் தான் எப்படி இறக்கினார் என்று விவரித்தார். கையையே இறக்கையாகச் சாய்த்துக் காட்டினார். அந்த இறக்கத்தில் பெபினின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியிருந்தது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது, வலது" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி செய்திருந்தால் ஓடுதளத்தை விட்டு வெளியே போயிருப்பார்கள்.

"கேட்டியா?" என்றான் பெபின், தாழ்ந்த குரலில்.

அஜிஷா தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "லெட் இட் கோ, பெபின்."

அவர்கள் வெளியே வந்தபோது மலையைக் காணவில்லை. வரும்போது பழுப்பாக, கூர்கூராக நின்ற ஹஜர் மலை இருந்த இடத்தில் வெளிறிய மஞ்சள் மட்டும் இருந்தது. மேற்கே பாலைவனத்தில் காற்று கிளம்பித் தூசு ஏறியிருந்தது. விமான நிலையத்துக்கு மேலே வானம் இன்னும் தெளிவுதான். கண்ட்ரோல் டவர் பறக்கத் தடை சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்ப மலைக்கு நடுவே ரோடு போகும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் பாறை. தூசுக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப இடம் கிடைக்காது.

"நிக்கலாம் மாமா. அடங்கட்டும்" என்றான் பெபின்.

"அவன் நாலு மணிக்கு டிராக்டர் கட்டுவான்."

"கட்டட்டும்."

தென்னாப்பிரிக்கர்கள் மலைப் பக்கம் ஒரு முறை பார்த்தார்கள். தோளைக் குலுக்கிவிட்டுத் தங்கள் விமானத்தில் ஏறினார்கள். அது கிளம்பி மேற்கே திரும்பி மஞ்சளுக்குள் மறைந்தது.

"பாத்தீரா? அவனுவளும் லைசென்ஸு எடுத்தவனுவதானே" என்றார் தேவசுந்தரம். "உமக்குப் பேடி, பயம். அதச் சொல்லும்."

"பேடிதான். பின்னால இருக்கப்போறது எனக்க பொண்டாட்டி."

"எனக்க மோளு."

மக்தூமின் வண்டி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "ஏன் இன்னும் இங்கே? யார் கேப்டன்?" என்றார்.

"நான்" என்றார் தேவசுந்தரம். "இதோ கிளம்புகிறோம்."

அவர் இடது பக்கக் கதவைத் திறந்து, ஓட்டுபவரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. விமானம் நின்ற பிறகு கேப்டனாக இருப்பதோடு சரி. அன்று பெல்ட்டை மாட்டினார், ஹெட்செட்டைக் காதில் வைத்தார். பெபினுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு பேண்ட் பையைத் தடவிப் பார்த்தான். சாவி விமானத்திலேயே இருந்தது.

"மாமா, எறங்குங்க."

"வந்தா வாரும். இல்லெங்கி டாக்ஸி புடிச்சி வாரும். மோளே, ஏறு."

அஜிஷா வலது பக்கக் கதவுக்குப் போனாள். ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே குனிந்தாள். பெபின் அதைப் பார்த்தான். அவளைக் கூப்பிடவில்லை, அவரிடமும் மேற்கொண்டு பேசவில்லை. வண்டியின் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று, மக்தூமுக்குக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னான்.

"அவர் கேப்டன் இல்லை. அவருக்கு மெடிக்கல் கிடையாது, இதய நோயாளி. ஓட்ட அனுமதி எனக்குத்தான். சோதித்துப் பாருங்கள்."

மக்தூம் வண்டியிலிருந்து இறங்க அவசரப்படவில்லை. இறங்கியபோது அவர் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்திருந்தது. செஸ்னாவின் கதவைத் திறந்து, "இறங்கு" என்றார். தேவசுந்தரம் இறங்கினார். ஹெட்செட்டின் வயர் காலில் சிக்கித் தடுமாறினார். அவரைப் பிடிக்க அஜிஷா மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தாள்.

"இது என்ன?" மக்தூம் அவர் தோளிலிருந்த பட்டையை ஒற்றை விரலால் தட்டினார். "சர்க்கஸில் வேலையா?"

காவலாள் சிரித்தான். தேவசுந்தரம் பெபினையே பார்த்துக்கொண்டு நின்றார். பெபின் தலையைக் குனியவில்லை. ஆனால் மக்தூமின் அந்த விரலை ஒடிக்க வேண்டும் போல அவனுக்கு இருந்தது.

அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். பெபினின் சான்றிதழ்களை டியூட்டி அறையில் வாங்கிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. அந்த நேரத்துக்குள் தூசு தானாகவே இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு உச்சி தெரிந்தது, பிறகு முழு மலையும். தென்னாப்பிரிக்கர்கள் ஒரு சிரமமும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டதாக டவரிலிருந்தவர் சொன்னார்.

"உன் பேப்பர் ஓகே. பொம்மையை எடுத்துக்கொண்டு போ, யல்லா, சீக்கிரம்" என்றார் மக்தூம். "அவர் போலீசுக்கு ஸ்டேட்மென்ட் கொடுத்துவிட்டு வருவார்."

"அவர் என் மாமனார்."

"நீதானே சொன்னாய்?"

அஜிஷா வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மாத்திரை டப்பா அவள் மடியில் இருந்தது.

"வா, போகலாம். இல்லெங்கில் பிளைட்டப் புடிச்சி வச்சிடுவான்."

"நான் வரல்ல. டாடிய இங்க விட்டுட்டு வர முடியாது."

"நான் சொல்லலேன்னா அவரு ஒன்னையும் வச்சிக்கிட்டுப் பறந்திருப்பாரு."

"பறந்திருக்க மாட்டாரு."

"நீ ஏறுன. நான் பாத்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாவிய எடுக்க ஏறுனேன், பெபின்." உள்ளங்கையை விரித்தாள். சாவி இருந்தது. "கைக்கு வந்துட்டு. அதுக்குள்ள நீங்க அவன்கிட்ட போயிட்டீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பெபின்.

"தெரியாது. ஆனா நீங்க சேஃப்ட்டிக்காகச் சொல்லல. உங்க வாய்ஸ் எனக்குத் தெரியும். ஒரு வருஷமா அதச் சொல்லக் காத்திருந்தீங்க." அவள் சாவியை அவனிடம் கொடுத்தாள். "போங்க."

அவன் தனியாகத்தான் பறந்தான். பள்ளத்தாக்கு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கீழே ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போவதுகூடத் தெரிந்தது. ஆபத்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவன் இரண்டு பக்கமும் தேடினான். கொஞ்சம் தூசாவது இருக்கக் கூடாதா என்று நினைத்தான். எதுவும் இல்லை. கிளப்பில் அவன் இறக்கிய விதத்தைப் பார்த்து ஒருவர் கட்டை விரலை உயர்த்தினார். பெபின் கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தான்.

தேவசுந்தரத்தை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். அவருடைய லைசென்ஸ் ரத்தானது. கிளப் அவரை நீக்கியது. செஸ்னாவை ஓமானிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அஜிஷா அன்று அப்பா வீட்டில் தங்கி மறுநாள் ஃபிளாட்டுக்குத் திரும்பினாள். சமைத்தாள், வேலைக்குப் போனாள், வேண்டியதைப் பேசினாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தனியாக அப்பா வீட்டுக்குப் போய்வந்தாள்.

பெபின் ஒரு தடவை மாமனாருக்குப் போன் செய்தான். எடுத்தது ஜெபகனி.

"மாமாட்ட கொடுங்க அத்தே."

"அவிய ஒறங்குதாவ."

"நான் பொறவு கூப்பிடுதேன்."

"கூப்பிடாண்டாம், மக்கா. பெலத்துப் பேசினா அவியளுக்கு நெஞ்சு வலிக்குது. பேசாம இருந்தாலும் வலிக்குது. அவிய செத்தாச் சொல்லி விடுதேன். வந்து நிக்கணுமா வேண்டாமான்னு அண்ணைக்கு நீங்களே யோசிச்சிக்கிடுங்க." போனை வைத்துவிட்டாள்.

தேவசுந்தரம் சர்ச்சில் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். மருமவன் பேடிச்சான், பேடிய மறைக்க என்னை அரபிக்குக் காட்டிக் கொடுத்தான். அடுத்த வருடம் ஈஸ்டர் சமயத்தில், சர்ச்சில் பழக்கமான ஒருவர் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவே, "ஒங்க மாமா ஒரு காரியம் சொல்லுதாரே, அது உள்ளதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உள்ளதுதான்" என்றான் பெபின். "நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

"ஐயோ, நான் அப்பிடிக் கேக்கல்ல."

"பேடி இருந்ததும் உள்ளது. இன்னொரு தடவ அவரு அதே சீட்டுல ஏறினாலும் சொல்லுவேன்."

அஜிஷா அடுப்படியிலிருந்து மீன்குழம்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் அதைக் கேட்டாள். விருந்தாளியின் தட்டில் இரண்டு துண்டு மீனை வைத்துக் குழம்பை ஊற்றினாள். பெபினின் தட்டைத் தாண்டி, சட்டியை மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.