ஒன்பதாம் கிண்ணம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இருட்டறை. இங்கிருந்து அவர்களைப் பார்க்கலாம்; அவர்களுக்கு இது சுவரில் பதித்த சாதாரணக் கண்ணாடி. ஒவ்வொரு இருக்கை அருகிலும் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியில், விரிப்புக்குள், ஒரு தராசு. அது அவர்களுக்குத் தெரியாது. படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், கொறிக்க வைத்தது சும்மா உபசாரம் என்று நம்பி வந்தவர்கள்.

கை கிண்ணத்துக்குள் போய் வரும் ஒவ்வொரு தடவையும் இங்கே திரையில் ஒரு கோடு ஒரு படி இறங்கும். இருட்டறையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு, அந்தப் படிகளை வாசித்துக் கலவையை மாற்றிக்கொண்டே போவதுதான் வேலை. எங்கே ஒரு மனிதருக்குப் போதும் என்று தோன்றுகிறதோ அங்கே படி அகலமாகும், பிறகு கோடு தரையாகப் படுத்துவிடும். அப்படிப் படுக்காத கோட்டைத் தேடித்தான் அவளுடைய தின்பண்டக் கம்பெனி இரண்டு வருஷமாக அலைகிறது.

"மேடம், ஒன்பதைப் பாருங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள். இனிப்பு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு ஆபீஸ் முழுக்க எறும்பு என்றுதான் பெயர். "அந்தம்மா கிண்ணத்தையும் சேர்த்துக் கடிச்சிடுவாங்க போல."

கோடு ரூல் வைத்துப் போட்டமாதிரி ஒரே சரிவாக இறங்கியிருந்தது. இருபது நிமிஷத்தில் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. யாருடைய கை என்று பார்க்க அவள் தலையைத் தூக்கினாள்.

அக்கா.

இடது காலை நீட்டி, கட்டுப்போட்ட பெருவிரலை இன்னொரு செருப்பின் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்ணைப் படத்தில் வைத்து, கையைக் கிண்ணத்தில் வைத்து, அவள் கூடப்பிறந்த அக்கா உட்கார்ந்திருந்தாள்.

போன வியாழக்கிழமை டாக்டர் முன்னால் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தார்கள். புண் ஆறவில்லை, சர்க்கரை இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். வெளியே வந்ததும், வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவள் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்தாள். "உனக்கு விரல் முக்கியமா, நாக்கு முக்கியமா? சின்னக் குழந்தையா நீ? ஒரு பாக்கெட்டைப் பிரிச்சா பாதியில மடிச்சு வைக்கத் தெரியாதா?" "மடிச்சுத்தான் வைக்கிறேன்டி. திரும்ப எப்ப எடுத்தேன்னுதான் தெரியல," என்று மட்டும் அக்கா சொன்னாள். அவள் அதற்கும் சிரித்தாள், நல்ல சிரிப்பல்ல.

இங்கே வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இல்லை என்று எழுதியிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி கூட்டி வந்திருப்பாள். இரண்டு மணி நேரம் காலை நீட்டி உட்காரலாமே என்று வந்திருப்பாள். தங்கை பெரிய கம்பெனியில் தரம் பார்க்கிறாள் என்பதற்கு மேல் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

எழுந்து போக வேண்டும். கதவு பத்தடியில் இருந்தது. ஆனால் பாதியில் கதவு திறந்தால் இன்றைய பன்னிரண்டு கோடும் செல்லாது. இது கடைசிச் சோதனை, நாளைக்கு அறிக்கை மேலே போக வேண்டும். இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவளை நாற்காலியில் அழுத்தி வைத்தது அது இல்லை.

அக்காவின் கை போயிற்று. வந்தது. போயிற்று.

ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு அணு அணுவாகத் தெரியும். விரல் நுனியளவு சோளக் குமிழ். நாக்கில் பட்டதும் மெல்லுவதற்கு முன்பே கரைந்துவிடும். கரைந்ததை வயிறு சாப்பாடு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாது. திகட்டப் போகும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் கேரமல் பாகு நின்றுவிடும். அங்கே உப்பு வந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போகும், அடுத்ததற்கு இடம் பண்ணி. உப்பை வேண்டுமென்றே சமமில்லாமல் தூவியிருந்தார்கள். ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, அதனால் சலிக்காது. போதும் என்று சொல்ல உடம்புக்கு எத்தனை வாசல் உண்டோ அத்தனையையும் ஒவ்வொன்றாக மூடியிருந்தார்கள்.

கோடு இன்னும் நேராகவே இறங்கியது. அழகாக இருந்தது. தன் மனசில் அந்த வார்த்தை வந்ததைப் பார்த்ததும்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எழுபத்தஞ்சு கிராம்," என்றாள் எறும்பு. "மேடம், ஏழாம் கலவை ஜெயிச்சாச்சு. எங்க போறீங்க? மேடம், கதவைத் திறக்காதீங்க..."

அவள் திறந்தாள். பதினோரு தலைகள் திரும்பின. ஒன்பதாம் தலை திரும்பவில்லை. அவள் போய்க் கிண்ணத்தை எடுத்தாள். அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இருங்க, முடிச்சிட்டுத் தர்றேன்," என்றாள். கை வெறும் மேசையைத் தடவியது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த முகத்தில் முதலில் வந்தது பயம். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள், அம்மாவிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "ரெண்டே ரெண்டுதான்டி எடுத்தேன்," என்றாள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாக்கா."

நடைவழியில் நிற்க வைத்தே அக்காவின் பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக் கைவிரலில் குத்தினாள். முந்நூற்று எண்பத்தாறு. அக்கா எண்ணைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "திட்டு. எனக்குப் புத்தி வரணும். நல்லாத் திட்டு."

"திட்ட மாட்டேன்."

"ஏன், அலுத்துப் போச்சா?"

"அக்கா, நிறுத்த முடியாத மாதிரிதான் அதைச் செஞ்சிருக்கு. உன்னால மட்டும் இல்ல, யாராலயும். நான்தான் செஞ்சேன். அதான் என் வேலை. கிண்ணத்துக்குக் கீழ தராசு இருக்கு. நான் உள்ள உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

அக்காவுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரமாயிற்று. இறங்கியபோது அவள் முகம் லேசாகவில்லை. குற்றம் தன்னுடையது இல்லை என்று கேட்டால் மனசு ஆறும் என்று தங்கை நினைத்திருந்தாள்.

"அது நான்னு தெரிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் பாத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினோரு நிமிஷம்."

"பதினோரு நிமிஷம்," என்றாள் அக்கா மெதுவாக. "வராந்தாவுல வச்சு நாக்கு முக்கியமான்னு கேட்டியே. அப்பவும் உனக்கு இது தெரியும், இல்ல?"

"தெரியும்."

உள்ளே எறும்பு யாருக்கோ போனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கையோடு எடுத்து வந்த செருப்பைக் கீழே போட்டுக் காலை மெல்ல நுழைத்தாள். கட்டு உரசியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். தங்கை பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடு. ஆறு வருஷமா நீ திட்டினதை எல்லாம் வாயை மூடிட்டுக் கேட்டேன்ல. இப்ப வழியெல்லாம் நீ சொல்லு. எப்படிச் செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லு."

வண்டி கிளம்பியதும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ம்" என்றாள்.

"முதல்ல அது இன்னும் பெருசா இருந்துச்சு. ஒண்ணு தின்னா ஒண்ணு தின்னோம்னு தெரியும். அதனால சின்னதாக்கலாம்னு..."

"யார் சொன்னது?"

"நான்."

"மேல சொல்லு," என்றாள் அக்கா, திரும்பாமலே.