முதுகுவலிச் செயலியின் முதல் கேள்வி

முதுகுவலிக்குப் பயிற்சி சொல்லும் ஏஐ செயலியை, கோடிங் தெரியாமலே, திரையில் கட்டங்களை இழுத்து இணைத்து அவள் உருவாக்கியிருந்தாள். பிசியோதெரபி வேலை முடிந்து வரும் மாலைகளெல்லாம் அதற்கே போயின. வெளியிட்ட அன்று மதியம்வரை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது.

"என் மனைவிக்கு மாசக்கணக்கா முதுகுவலி. கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குறா. சொன்னா எரிஞ்சு விழுறா. என்ன பண்றது?"

"நீங்கதானா?" என்று பக்கத்து அறையிலிருந்த கணவனிடம் கேட்டாள்.

"ஆமா. தரையில மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கணுமாம்."

செயலிக்கு அவளே எழுதிக் கொடுத்திருந்த பதில்தான் அது. சண்டை போடத் தெம்பில்லாமல் தரையில் படுத்தாள். அவன் அருகில் உட்கார்ந்து அடுத்த வரியை வாசிப்பதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.