சவரிமேரி பார்த்த ஆட்டம்

சவரிமேரி தன் மகன் பந்தாடி ஒருநாளும் பார்த்ததில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆட்டம் என்றால் கடலூர் ஆண்கள் திரண்டு போய் நிற்பார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் இன்னாசிராஜ் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடுவான். அவன் பின்னாலேயே அப்பா மரியலூர்து போவார். துறைமுகத்தில் படகுக்கு மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. வாரம் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மகன் காக்கும் கோலுக்குப் பின்னால் நின்று மிச்சக் குரலையும் செலவழித்துவிட்டு வருவார். சவரிமேரிக்குத் தெரிந்த பந்தாட்டமெல்லாம் துவைத்தாலும் போகாத புல் கறைதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் இன்னாசி ஆடிய கெடிலம் கிளப்புக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு தேவாலயத்துப் பங்கின் இளைஞர் சங்கத்தோடு ஆட்டம். கடலூர்ப் பையன்களும் சிதம்பரத்துப் பையன்களும் சேர்ந்த குழு கெடிலம். வீட்டார் யாராவது வருவதானாலும் வரலாம் என்றார்கள்.

"நீதாம்மா வர்ற," என்றான் இன்னாசி. "இங்கதான் பொம்பளைங்க வரக்கூடாதுன்றானுவோ. அங்க எல்லாரும் பாப்பாங்களாம். ஆட்டத்தப் பாரு, மறுநாளு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான் வந்துட்டா அப்பாவுக்குச் சோறு?"

"அப்பா ஓட்டல்ல தின்னட்டும். ஏம்ப்பா?"

மரியலூர்து சிரித்தார். இன்னாசி படித்தது சிதம்பரத்தில். அங்கேயே கீழவீதியில் ஒரு ஸ்டூடியோவில் தாயும் பிள்ளையும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் அசையாமல் இருக்கச் சொன்னபோதெல்லாம் அவன் எதையாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான்.

புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கையில் ஹாஸ்டலில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. கடலூருக்குக் கொண்டு வந்து பார்த்தார்கள். இறங்குவது போலப் போக்குக் காட்டிய காய்ச்சல் ஒரு விடியற்காலையில் மறுபடி ஏறியது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துபோனது.

முப்பது நாள் பூசை ஆன பிறகு, குழுவின் கேப்டன் மணவாளன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க டிக்கெட்டு அப்படியே இருக்கும்மா. நீங்க வரணும். அவன் ஆசப்பட்டான்."

"எதுக்குப்பா? யாரப் பாக்க?" என்றாள் சவரிமேரி.

மரியலூர்து சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போயிட்டு வா மேரி. அவன் ஆடுன ஆட்டமெல்லாம் நான் பாத்துட்டேன். நீதான் ஒண்ணுமே பாக்கல."

அவள் போனாள். திருச்சியில் ரயில் மாறி, தனுஷ்கோடியில் கப்பலேறினாள். கப்பல் கிளம்பியதும் பையன்கள் மேல்தளத்தில் பாட ஆரம்பித்தார்கள். அவளைக் கண்டதும் பாட்டு நின்றது. "பாடுங்கப்பா, நான் இருந்தா என்ன?" என்றாள். அதன் பிறகு யாருக்கும் பாட வரவில்லை.

கொழும்பில் பையன்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், அவள் கன்னியர் மடத்தில். மறுநாள் காலையில் எல்லோரும் ஊர் பார்க்கப் போனார்கள். தலைக்கு மேலே மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏற்றினார்கள். கோட்டையில் கலங்கரை விளக்கமே மணிக்கூண்டாகவும் நிற்பதைக் காட்டினார்கள். காலிமுகத்திடலில் காற்று புடவையை இழுத்தது. பையன்கள் அலையைத் தொட ஓடினார்கள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை; ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்தாள். "இங்க சூரியன் கடல்ல போயி விழுமாம்மா, நம்மூரு மாதிரி இல்ல," என்றான் மணவாளன். அவள் கடலைப் பார்த்துத் தலையாட்டினாள். இதையெல்லாம் சொல்ல வேண்டியவன் வேறொருவன் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சாயங்காலம் ஆட்டம். மைதானத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள், கோலுக்குச் சற்றுப் பின்னால். பையன்கள் வரிசையாக இறங்கினார்கள். கடைசியாகப் பச்சை முழுக்கைச் சட்டை போட்ட ஒருவன் ஓடிவந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக் கோலில் நின்றான். சட்டையின் முழங்கையில் கறுப்பு நூல் தையல். பச்சை நூல் கிடைக்காமல் அவள் போட்ட தையல். கிளப்பில் கோல்கீப்பருக்கு இருந்தது அந்த ஒரே சட்டைதான்.

சபாபதி என்று அவளுக்குத் தெரியும். சிதம்பரத்துப் பையன், இன்னாசி இருந்தவரை வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன். தெரிந்தும், அவன் திரும்பிவிடக் கூடாதே என்று அவளுக்கு இருந்தது. முதுகு போதும். பந்து வரும்போது அந்த முதுகு குனிந்தது. இரண்டு கைகளும் விரிந்தன. இவ்வளவு நாளும் இதற்காகத்தான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினானா என்று நினைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினார்கள். பச்சைச் சட்டை எதிர்க் கோலுக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரத்தில் முகமே தெரியவில்லை. பச்சை மட்டும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு வினையாகிப் போனது. "புடிச்சிடுடா, விட்றாத," என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். மடத்திலிருந்து துணைக்கு வந்திருந்த கன்னியர் திரும்பிப் பார்த்ததைக் கவனிக்கவில்லை. மணவாளன் ஒரு கோல் போட்டான். பிறகு கொழும்புக்காரர்கள் திரும்பத் திரும்பப் பாய்ந்து வந்தார்கள். ஒரு பந்தைப் பிடிக்கப் பச்சைச் சட்டை தாவியது, எதிராளியின் முட்டி தலையில் இடித்தது, விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னாசி!"

அவள் ஓடினாள். செருப்பு கழன்றதும் முந்தானை சரிந்ததும் தெரியாமல் மைதானத்தின் குறுக்கே ஓடினாள். ரெஃபரி விசில் ஊதினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தக் கதறலைக் கேட்டபின் சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ராசா, எந்திரிடா. அம்மா வந்துட்டேன்டா."

அவன் கண்ணைத் திறந்தான்.

"அம்மா... நான் சபாபதிம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ரத்தம் கசிந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"இந்த எடத்துல நிக்க எவ்ளோ ஆசப்பட்டிருக்கேன் தெரியுமாம்மா? இப்படி வேணாம்மா, இப்படி வேணாம்," என்று அவன் குழந்தை போல அழுதான்.

"அழக்கூடாது. எந்திரிச்சு ஆடு."

மணவாளன் அவள் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்து வந்தான். ஆட்டம் தொடர்ந்தது. கெடிலம் கிளப் அந்த ஒரு கோலில் ஜெயித்தது. பையன்கள் சபாபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். சின்ன வயசு, ஜெயித்தால் ஆடத்தானே செய்வார்கள். அவளும் கைதட்டினாள்.

மறுநாள் கொச்சிக்கடைக் கோயிலுக்கு மணவாளன் கூட்டிப்போனான். செவ்வாய்க்கிழமை, நல்ல கூட்டம். தொலைந்ததைத் தேடித் தரும் புனிதர் என்று சாதி சமயம் பாராமல் சனங்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த ஒரு தமிழ்ப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தியாவிலயிருந்தா வந்தனீங்கள்? என்ன நேர்த்தி அம்மா?"

"ஒரே மவன். இந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருந்தான்."

"அவர் வரேல்லையோ?"

"வரல," என்றாள் சவரிமேரி. அதற்கு மேல் அந்தப் பெண் கேட்கவில்லை. அந்தோணியாரிடம் கேட்கச் சவரிமேரிக்கும் எதுவும் தோன்றவில்லை. மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினாள்.

திரும்பி வரும்போது சிதம்பரம் ஸ்டேஷனில் சபாபதி இறங்கினான். நெற்றியில் பிளாஸ்திரியோடு ஜன்னலருகே வந்து நின்றான்.

"வர்ற ஞாயித்துக்கெழம மஞ்சக்குப்பத்துல ஆட்டம்மா. பொம்பளைங்க வந்தா என்ன? நான் எடம் புடிச்சு வைக்கிறேன்."

"வேணாம்ப்பா. என்னால இன்னொருக்க பாக்க முடியாது. நீ நல்லா ஆடு."

ரயில் நகரும்வரை அவன் ஜன்னல் கம்பியை விடவில்லை.

கடலூரில் மரியலூர்து காத்திருந்தார். பையை வாங்கிக்கொண்டார். இருவரும் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தார்கள். பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஆட்டம் எப்படி?"

"ஜெயிச்சாங்க."

"கோலுல?"

"நல்லா புடிச்சான். ஒரு பந்துக்கு இப்படித் தாவுனான் பாருங்க," என்று நடுத்தெருவில் வலக்கையை வீசிக் காட்டினாள்.

"வலப்பக்கமா? இருக்காதே. அவனுக்கு எடப்பக்கம்தான் நல்லா வரும். வலப்பக்கம் எப்பவும் ஒரு எட்டு பிந்துவான், நானே எத்தனையோ தடவ சொல்லி..."

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அது சபாபதிங்க," என்றாள் அவள்.

"ஆமா. சபாபதி."

மகனை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போது பையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜட்கா வண்டிகளும் சைக்கிள்களும் அவரைச் சுற்றி விலகிப் போயின. சவரிமேரி பையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.