மனோரமாவின் தோள் வெளிச்சம்

பேரணாம்பட்டில் பீடி சுற்றும் மனோரமாவின் வலது தோளில் இருந்த கட்டி, ஒரு ஆவணி மாத மாலையில் கரண்ட் போன சமயத்தில் வெளிச்சம் விட ஆரம்பித்தது. எலுமிச்சம்பழ அளவுக் கட்டி அது. வலியும் இல்லை, சூடும் இல்லை. ஜீரோ வாட் பல்பு மாதிரி ரவிக்கைத் துணி வழியாக மஞ்சளாக ஒளி வந்தது. ஆம்பூர் தோல் டேனரியில் வேலை முடிந்து அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்த அவள் புருஷன் செங்கல்வராயன், முதலில் டார்ச் தேடுவதை நிறுத்தினான், பிறகுதான் பயந்தான். கட்டி நாலைந்து வருஷமாக இருப்பதுதான். வெளிச்சம்தான் புதுசு. இப்படி வெளிச்சம் விடுகிறதென்றால் புற்றாகத்தான் இருக்கும் என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மனோரமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் ஸ்வேதா கட்டியை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது, தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதித்தார். முடிவு வந்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னார். "சாதாரண கொழுப்புக் கட்டிம்மா. தனக்குன்னு ஒரு பை வெச்சிக்கிட்டு அதுக்குள்ளயே இருக்கும். பக்கத்துல எதையும் தொடாது. வெளிச்சம் வர்றத நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல. ஆனா அதனால கெடுதல் இல்ல. தொந்தரவா இருந்தா எடுத்துடலாம், இல்லேன்னா இருக்கட்டும்." மனோரமா இருக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தத் தெருவில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி வாங்கவில்லை. பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு மனோரமா வீட்டுக்கு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். வெளிச்சம் போதாதவர்கள் அவளைக் கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்வார்கள், அவளும் உட்காருவாள். பக்கத்து வீட்டு அக்தரி பேகம் மட்டும் எப்போதும் அவள் வலது பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொள்வாள். அவளுக்குக் கண் பார்வை கம்மி.

ஒரு தை மாதம் குளித்துவிட்டு வரும்போது கரண்ட் போனது. கண்ணாடி முன் நின்ற மனோரமா, தோளின் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததில், இடது மார்பில் ஒரு சிறு நிழலைப் பார்த்தாள். பிசைந்த மாவில் விரல் வைத்து எடுத்த மாதிரி தோல் உள்வாங்கியிருந்தது. பல்பு வெளிச்சத்தில் அந்தக் குழி தெரிந்ததே இல்லை. அழுத்திப் பார்த்தாள். அடியில் கொட்டைப் பாக்கு மாதிரி ஒன்று, கெட்டியாக, நகராமல் இருந்தது. வலிக்கவில்லை. ஒரு தரம் வீணாகப் பயந்தோம், இதுவும் அதே மாதிரிதான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பங்குனியில் ஒரு நாள் பீடி சுற்றிக்கொண்டே, புளி விலை ஏறியதைச் சொன்னதோடு சேர்த்து இதையும் அக்தரியிடம் சொன்னாள்.

அக்தரி முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா?"

"தையிலேர்ந்து. வலியே இல்லக்கா. தோள்ல இருக்கறதே ஒண்ணும் பண்ணல, இது இன்னா பண்ணப்போவுது?"

"அது சாதுன்னா இதுவும் சாதுவா? இன்னா கணக்கு இது? எழுந்திரு, சேலைய மாத்து."

அக்தரியே கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை ஊசிப் பரிசோதனை முடிவைச் சொல்லும்போது டாக்டர் ஸ்வேதா சிரிக்கவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது புற்றும்மா. தோள்ல இருக்கறது எல்லைக்குள்ள நிக்கும். இதுக்கு எல்லை கிடையாது. பக்கத்துச் சதையில வேர் விடும். விட்டா ரத்தத்தோட போயி வேற எடத்துலயும் குடியேறும். ஆனா இன்னும் போகல. நேரத்துக்கு வந்துட்டீங்க."

"வலிக்கவே இல்லியே டாக்டர்," என்றாள் மனோரமா.

"ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. அதனாலதான் நெறைய பேர் லேட்டா வர்றாங்க."

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தோள் கட்டியையும் கூடவே எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. "அது என்னக் காப்பாத்துனது. அத விட்டுடுங்க."

பிறகு மருந்து ஏற்றிய மாதங்கள் வந்தன. தலைமுடி கொட்டியது, வாயில் புண் வந்தது, சோற்று வாசனையே ஆகவில்லை. தோள் வெளிச்சமும் மங்கியது. அகல் விளக்கு அளவுக்கு வந்து அப்படியே நின்றது, அணையவில்லை. செங்கல்வராயன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் உப்பு ஜாஸ்தி, அடுத்த வாரம் சரியாயிற்று. அவள் பங்கு பீடி இலையைத் தெருப் பெண்கள் தங்களுக்குள் பிரித்துச் சுற்றி அவள் கணக்கிலேயே போட்டார்கள். அக்தரி தினமும் வந்து அவள் கால் பிடித்துவிட்டுப் போவாள். ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மனோரமா ரொம்ப நேரம் அழுதாள். அக்தரி, "அழுவாத, கண்ணு மட்டும்தான் நல்லா இருக்குது உனக்கு," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிகிச்சை முடிந்து முடி சுருட்டையாக முளைத்தபோது வெளிச்சம் பழைய அளவுக்கு வந்தது. சோதனைக்குப் போகும்போதெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, டாக்டர் ஸ்வேதா இப்போதெல்லாம் அவளைத் தன் மேஜைக்கு வலது பக்கம் உட்காரவைத்து மற்ற பெண்களைப் பரிசோதிக்கிறார். போன வருஷம் தெருவுக்குப் புது விளக்குக் கம்பங்கள் வந்தன. நட வந்தவர்கள் மனோரமா வீட்டு வாசலில் குழிக்கு அடையாளம் போட்டார்கள். சாயங்காலம் அவள் கோலமாவு டப்பாவோடு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, அடையாளத்தைக் காலால் அழித்து, கம்பத்தை அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.