கட்டிலுக்கு அடியில் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை

1.

மூச்சுச் சத்தம் வரக் கூடாது என்று அவனுக்குச் சைகை காட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரும்புக் கட்டிலின் மேலே அப்பா குறட்டை விடுகிறார். அதே கட்டிலுக்கு அடியில், பனியன் பீஸ் மூட்டைகளுக்குப் பின்னால், பக்கத்து அறை பிகாஷ் குப்புறப் படுத்திருக்கிறான். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மாதான் அவனை உள்ளே தள்ளினாள். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் கதை எழுதுகிறேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் பிளஸ் டூ. எனக்குக் கட்டுரைதான் வரும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றால், ஜன்னலில் கட்டிய ஒரு கறுப்புத் துணியிலிருந்து.

2.

முதல் தொடக்கம்: "மங்கலம் சாலையில் மாலை வெயில் பொன்னாக உருகி..."

[அழித்துவிட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் வெயிலே வராது.]

இரண்டாவது: "பிழைக்க வழியின்றி வந்த ஓர் ஏழைத் தொழிலாளி..."

[இதுவும் வேண்டாம். அவனுடைய போன் என் போனைவிட நல்லது. ஏழை என்றால் கோபித்துக்கொள்வான்.]

சரி, அலங்காரம் போதும். பக்கத்து அறையில் ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர். ஐவருக்கும் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டும், வெளிச்சம் ஆகாது. அதனால் ஜன்னலில் கறுப்புப் பனியன் துணியைக் கட்டியிருந்தார்கள். துணி கொடுத்தது அம்மா. அப்பா நைட் ஷிப்ட் போன காலத்தில் எங்கள் ஜன்னலில் கட்டியிருந்த அதே துணி.*

* இந்த ஊரில் நைட் ஷிப்ட் போகிற எல்லாருடைய ஜன்னலும் இப்படித்தான். தெரியாதவர்கள் யாருமில்லை. தெரியாதது போல இருக்கத்தான் ஒரு குழு தேவைப்பட்டது.

3.

குழுவின் பெயர் குடியிருப்போர் பாதுகாப்புக் குழு. தலைவர் தரணீதரன், எங்கள் வீட்டு ஓனர் மாரப்பனின் மகன். போன வாரம் தெரு முக்கில் மைக் கட்டிப் பேசினார். வடக்கிலிருந்து வெள்ளம் போல வருகிறார்களாம். ஊடுருவலாம். கண்ணுக்குத் தெரியாத படையெடுப்பாம்.

எங்கள் லைனுக்குத் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு முறை. நிஜமாகவே வெள்ளம் வந்திருந்தால் முதலில் குடத்தோடு நின்றிருப்பது நாங்கள்தான். படை என்றால் ஐந்து பேர், ஒரு குக்கர். ஊடுருவல் என்றால்... [இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குழு ஆட்கள் லைன் கேட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.]

4.

இன்று மதியம் அவர்கள் கதவை உதைத்தார்கள்.

"பட்டப்பகல்ல இருட்டாக்கி வெச்சு உள்ள என்னடா பண்றீங்க?"

பாவம், மிகக் கடினமான கேள்வி. தூங்குகிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான்கு பேர் லுங்கியைப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். பிகாஷ் மட்டும் பாத்ரூம் சந்து வழியாக ஓடினான். ஓடினான் அல்லவா? ஆதாரம் கிடைத்துவிட்டது. (பாதித் தூக்கத்தில் கதவை உதைத்தால் தரணீதரன் அண்ணனும்தான் ஓடுவார். அது வெறும் ஓட்டம்.)

அம்மா வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலீங்க," என்றான் பிகாஷ். ஊடுருவல்காரன் பேசுகிற கொங்குத் தமிழ் எங்களுக்கே இன்னும் வரவில்லை.

"வாயை மூடிட்டு உள்ள போடா."

பின்னாலேயே மாரப்பன் வந்தார்.

"ஏனுங்க முத்துப்பேச்சி, அந்தப் பையன் இந்தப் பக்கம் வந்தானுங்களா?"

"நான் குனிஞ்ச தல நிமிரலண்ணே."

"கெடைக்காமயா போயிருவான்? காலைல ஒவ்வொரு ஊடா பாக்கப் போறோமுங்க. ஒளிச்சு வெச்சது ஆரா இருந்தாலும், ஊட்டக் காலி பண்ணிப்போடோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

எவ்வளவு மரியாதை!

மற்ற நால்வரையும் விசாரணைக்கு என்று பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். இருட்டியதும் தரணீதரன் கேட்டில் நின்று போனில் கத்தினார்: "அட, ஷிப்டுக்கு நேரமாச்சுல்ல, உட்டுருங்கப்பா! மெஷின் நிக்குது. மிச்சத்த நாளைக்கு விசாரிச்சுக்கலாம்."

அந்த ஐவரும் வேலை பார்ப்பது அவருடைய கம்பெனியில்தான். பகலில் அச்சுறுத்தல், ராத்திரியில் உற்பத்தி. பிகாஷின் ஆதார் கார்டுகூட அந்தக் கம்பெனி ஏஜென்ட்டிடம்தான் இருக்கிறது.

5.

இந்தக் கதையில் எனக்குச் சரிவராத பாத்திரம் அப்பா. பெயர் காசிமாயன். நான் பிறப்பதற்கு முன் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்தவர். தரணீதரன் பேச்சை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியவரும் அவர்தான். ராத்திரி சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"நாமளும் வந்தவங்கதானப்பா?"

"நான் பஸ்ஸுல வந்தேன். அவய்ங்க ரயில்ல வந்தாய்ங்க."

"ரயில்ல வந்தா தப்பா?"

"அவய்ங்க வந்த பெறகு எனக்குக் கூலி ஏறிருக்கா, சொல்லு? சும்மா இருத்தா."

சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். அவர் எடைக்குக் கட்டில் கீழே தொய்ந்தது. பிகாஷின் முதுகில் பட்டிருக்கும்.

[கூலி ஏறவில்லை என்பது உண்மை. அவரை முழு வில்லனாக எழுத முடியாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, அவர் என் அப்பா.]

6.

முடிவு அ: அப்பா பிகாஷைப் பார்க்கிறார், மனம் உருகுகிறார், "நீயும் என் பிள்ளை மாதிரிதாண்டா" என்கிறார். [நீங்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை.]

முடிவு ஆ: குழுத் தலைவர் காலையில் வந்து மன்னிப்புக் கேட்கிறார். [போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.]

முடிவு இ: காலையில் அவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பெருமாநல்லூர்ப் பக்கம் அறை தேடி

7.

இருமல்.

கட்டிலுக்கு அடியிலிருந்து. பஞ்சுத் தூசி இருமல், அடக்கினால் இன்னும் பெரிதாக வருவது. இரண்டாவது முறையும் வந்துவிட்டது.

குறட்டை நின்றது.

கதவோரம் படுத்திருந்த அம்மா உடனே சத்தமாக இருமினாள். நல்ல நடிப்பு. கொஞ்சம் தாமதம்.

"பேச்சி, நீயா இருமுன?"

"ஆமா. தூங்குங்க."

"நீ அங்கிட்டுக் கெடக்க. சத்தம் எனக்குக் கீழயில்ல வந்துச்சு."

கேட்டில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் குனியவில்லை, லைட்டையும் போடவில்லை. நான் இருக்கிற பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி,

"ஏத்தா ஜோதி," என்றார். "கீழ யாரு?"

காத்துக்கொண்டிருக்கிறார். வாசிக்கிறவர்களே, கீழே இருப்பது யாரென்று நான் சொல்லட்டும்?