அடியில் ஆறு இதழ்

பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகியும் சவ்தாவின் வலது கை விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. இடது கையால் சோறு அள்ளுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவள் கட்சி. ஊட்டிவிட வந்தால் வாயை இறுக்கிக்கொள்வாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றபடி கரண்டியால் நாலு வாய் விழுங்குவதோடு சரி. மலேசியாவின் கோலகங்சாரில் பழக்காலம் பிறந்தும் அவள் இளைத்துக்கொண்டே போனாள். கணவர் சூலோங்குக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தோட்டத்து மங்குஸ்தானைக் கூடை கூடையாகச் சுமந்து வந்தார். சூட்டைத் தணிக்குமாம், ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமாம், தோலை வேகவைத்துக் குடித்தால் செத்த நரம்பும் எழுந்து உட்காருமாம். எல்லாம் கைப்பேசியில் யாரோ அனுப்பியதுதான். மனுஷன் அதை அப்படியே நம்பித் தினமும் கஷாயம் வைத்தார்.

"மருந்துன்னு நினைச்சுக் குடி, சவ்தா."

"எங்க, நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, அபாங்." புருஷனை மலாயில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. மீதிக் கஷாயம் ஆர்க்கிட் தொட்டிக்குப் போனது.

அன்று மதியம் சும்மா பேச்சுக் கொடுக்கலாமென்று ஒரு பழத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். அடியில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. அந்த ஊர்ப் பிள்ளைகள் எண்ணப் பழகுவதே அதில்தான்.

"ஏழு," என்றார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஆறு."

"ஏழுன்னா ஏழுதான்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே அழிச்சாட்டியம். கொண்டாங்க இப்படி."

வெடுக்கென்று பிடுங்கினாள். மங்குஸ்தானை ஒற்றைக் கையால் உடைக்க முடியாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நெரிக்க வேண்டும். இருந்த கோபத்தில் அவளுக்குத் தன் கையின் நிலைமை மறந்துவிட்டது. வலது கையையும் கொண்டுவந்து பழத்தின்மேல் வைத்து அழுத்தினாள். விரல்கள் நடுங்கின, மெல்ல மடங்கின, பழத்தைப் பற்றின. தோல் பட்டென்று பிளந்தது.

"எண்ணிக்குங்க. ஆறு."

சூலோங் எண்ணவில்லை. அவர் பார்வை அவள் விரல்களில் இருந்தது. அவளும் அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சுளையைக் கிள்ளின. வழுக்கியது. மறுபடி கிள்ளின. வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் சாறு முழங்கை வரை ஒழுகிவிட்டது. துடைத்துவிட எழுந்தவர், நல்லவேளை, தன்னை அடக்கிக்கொண்டார்.

"நெசமாவே ஏழுன்னா நினைச்சீங்க?"

"ஆமா. கண்ணாடி போடல."

அவள் வாயைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "சோத்தை எடுத்து வைங்க. அடுப்படியில வேணாம், இங்க, உங்க பக்கத்துல. ரெண்டு தட்டு. நான் சிந்துறதையே பார்த்துக்கிட்டு உக்காராதீங்க, நீங்களும் சாப்பிடணும்."

சூலோங் தட்டுகளை வைத்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளுடைய வலது கையில் ஊற்றினார். அழுதுகொண்டேதான் ஊற்றினார்.