குள்ளர் வீட்டின் நான்காவது சுவர்

நான்கு மணி நேரம் பதினேழு நிமிடம். உத்தனப்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் சுமலதா காத்து நின்ற நேரம் அது. பத்தரைக்கு வருவதாகச் சொன்ன ஜீப் இரண்டு நாற்பத்தேழுக்கு வந்தது. டீக்கடைக்காரர் இரண்டு முறை, "யாருக்கும்மா நிக்கிறே?" என்று கேட்டிருந்தார். மூன்றாம் முறை கேட்காமல் பார்க்க மட்டும் செய்தார். அதுதான் அவளுக்கு அதிகக் கூச்சமாக இருந்தது.

இயற்பியல் படித்தவள். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனை வேலை. ஒரு நாளைக்கு நானூறு இரும்புத் துண்டுகளில் துளை சரியான வட்டமாக விழுந்திருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். இன்றைக்கு விடுப்பு கேட்டபோது மேற்பார்வையாளர், "கல்லு பாக்கவா லீவு?" என்று சிரித்தார்.

கல் பார்க்கத்தான். அவளுடைய ஊர்க் குன்றின் மேல் பதினொரு கல்திட்டைகள் இருந்தன. பலகைக் கற்களை நான்கு பக்கமும் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இறந்தவர்களுக்காக யாரோ கட்டியவை. ஊரில் அவற்றைக் குள்ளர் வீடு என்பார்கள். மாவட்டத்தில் சுற்றிப் பார்க்கத் தகுந்த இடங்களுக்குப் புதுப் பட்டியல் தயாராகிறது என்று செய்தித்தாளில் படித்த அன்றே அவள் மனு அனுப்பினாள். பதில் இல்லை. ஆறு முறை அனுப்பினாள்.

போன மாதம் சிலர் குன்றில் ஏறிப் பாறைகளில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். கிரானைட் எடுக்க ஏலம் விடப் போகிறார்களாம். பட்டியலின் முதல் பிரிவில் சேர்ந்துவிட்டால் வேலி வரும், ஏலம் நிற்கும். சேராவிட்டால் அடுத்த கோடைக்குள் குன்றே இருக்காது.

ஜீப்பின் முன் இருக்கையில் இருந்தவர் இறங்கவில்லை. பட்டியலுக்காக இடங்களைப் பார்த்து வரும் ஆய்வாளர் சிவராஜ் அவர்தான். ஒரு காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அந்த ஆறு மனு? ஏறும்மா, ஏறு. காலையில கிருஷ்ணகிரி கோட்டை, அப்புறம் டேம், அப்புறம் ராயக்கோட்டை மலை. முட்டி போயிடுச்சு."

"ரெண்டு கோட்டையிலயும் சார் ஏறல. கீழ நின்னு போட்டோ எடுத்தாரு. அதுக்கே முட்டி போயிடுச்சு" என்றான் ஓட்டுநர் மாதேஷ்.

"நீ ரோட்டப் பாரு."

சுமலதா பின் இருக்கையில் மனு நகல்கள் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நேரமாயிற்றே, வெயில் இறங்கினால் கல்லில் உளித்தடம் தெரியாதே என்று சொல்ல நினைத்தாள். "லெஃப்ட்ல போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

குன்றின் அடியில் அவள் அப்பா வெங்கடப்பன் நின்றிருந்தார். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது வழியை மறித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு பாப்பா. கோயில் நெலத்துல கல்லு பொறுக்குனவனையே மூணு நாளு ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. கேஸுன்னா நம்ம ஆளுங்க மேலதான் மொதல்ல விழும்."

"சரி நைனா" என்று சொல்லியிருந்தாள்.

ஏற இருபது நிமிடம் ஆக வேண்டிய வழியில் நாற்பது நிமிடம் ஆயிற்று. சிவராஜ் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். ஒரு இடத்தில் சிவப்பு எண் எழுதிய பாறையிலேயே உட்கார்ந்தார். மாதேஷ் கைபேசியில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டே அவர்களுக்கு முன்னால் மேலே போய்விட்டான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கல்திட்டையின் நிழலில் காலை நீட்டியிருந்தான்.

"சார், இதுக்கா இவ்ளோ தூரம்? ஜூஜுவாடி பஸ் ஸ்டாப் இதவிட நல்லா இருக்கும். அங்க நாலு பேரு நிக்கலாம்."

"இதுவும் நின்னுதான் இருக்குது" என்றாள் சுமலதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஒன்பது கல்திட்டைகள் சரிந்து கிடந்தன. பத்தாவதில் கூரைக் கல் இல்லை. பதினொன்றாவது நன்றாக இருந்தது. மேலே யானை முதுகு போல ஒரு மூடுகல். வடக்கே, தெற்கே, மேற்கே சுவர். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது.

சிவராஜ் அதைச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முகம் மாறியது. சலிப்பு போய் ஆர்வம் வந்தது போலிருந்தது. சுமலதாவுக்கு மூச்சு இலகுவானது.

"நல்ல வேலைப்பாடு. சரி, நாலாவது பலகை எங்கம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கோப்பிலிருந்து அவளுடைய மனுவை எடுத்தார். "உங்க மனுவ நான் எடுத்ததே இதுக்காகத்தான். ஆறாவது மனுவுல எழுதியிருக்கீங்க. 'கிழக்குப் பலகையில் வட்டமான இடுதுளை உள்ளது. விட்டம் நான்கு திசையில் அளந்தது: 31.8, 31.8, 31.9, 31.7 சென்டிமீட்டர்.' இதப் படிச்சதும் ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க. மெஷின் இல்லாத காலத்துல ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துல ஒரு வட்டம். அதான் வந்தேன். ஓட்டை எங்க?"

அந்த எண்களை எழுதியதுதான் தப்பு. 'வட்டமான துளை' என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அளந்ததை அளந்தபடி எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். ஆலையில் கணினி போட்டுத் தரும் துளைகளைத் தினமும் அளக்கிறவளே அசந்துபோகும்படி ஒரு கை உளியால் தட்டியிருந்தது. அதை யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அது அப்பவே காணோங்க சார்" என்றார் வெங்கடப்பன். "ஆடு மேய்க்கிறவங்க யாராச்சும் தூக்கினு போயிருப்பாங்க."

"ஆடு மேய்க்கிறவங்க நாலடிக் கல்ல எதுக்குத் தூக்கறாங்க?" என்றான் மாதேஷ். "ஆட்டுக்குத் தாலாட்டவா?"

"சும்மா இரு மாதேஷ்." சிவராஜ் மனுவை மடித்தார். "அப்பவேன்னா எப்போ பெரியவரே?"

"அது... இவ பொறக்கறதுக்கு முன்னாலயே."

"இவங்க பொறக்கறதுக்கு முன்னால காணாமப் போன கல்ல இவங்க எப்படி அளந்தாங்க?"

வெங்கடப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது.

"நெட்ல எடுத்ததாம்மா?" சிவராஜின் குரல் மென்மையாகத்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. "வேற ஊர் கல்லோட அளவ எடுத்துப் போட்டுட்டீங்களா? ஊருக்காகத்தான் செஞ்சிருப்பீங்க, புரியுது. ஆனா பொய் அளவ வெச்சு நான் எழுத முடியாது. ஒரு திட்டையாவது நாலு சுவரும் மூடுகல்லுமா முழுசா இருந்தாத்தான் முதல் பிரிவு. இதுக்கு மூணாவதுதான். 'சிதைந்தது'ன்னு போட்டுடறேன்."

பொய் அளவு. நானூறு துளை, மாதம் இருபத்தாறு நாள், மூன்று வருடம். அவள் கொடுத்த ஒரு அளவைக்கூட இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அவளுக்குக் காது சுட்டது.

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். படிவத்தைக் கூரைக் கல்லின் மேலேயே வைத்து, தேதி எழுதினார், குன்றின் பெயரை எழுதினார். பிரிவு என்ற கட்டத்துக்கு வந்தார். சரிவுக்குக் கீழே, வெயில் பட்ட பாறையில் சிவப்பு எண் பதினான்கு இங்கிருந்தே தெரிந்தது.

"சார்" என்றாள் சுமலதா.

அவர் நிமிரவில்லை.

"சார், எழுதாதீங்க."

இந்த முறை குரல் கேட்டது. மாதேஷ்கூட நீட்டிய காலை மடக்கினான்.

"பாப்பா" என்றார் வெங்கடப்பன்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். திறந்து கிடந்த கிழக்குப் பக்கத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அளவு சரிதான் சார். டேப் வெச்சு நானே அளந்தேன். கல்லு எங்கேயும் காணாமப் போகல. எங்கம்மா கல்யாணம் ஆகி வந்தப்போ குளிக்க ஒரு எடம் இல்ல. சேத்துலதான் நிக்கணும். எங்க நைனா ஆறு பேரோட இத எறக்கினு போய்ப் படுக்கப் போட்டாரு. தண்ணி போறதுக்கு அந்த ஓட்டையில கூழாங்கல்லு ரொப்பி வெச்சிருக்கோம். எங்க வீட்டுப் பின்னால இருக்குது சார். நான் இன்னிக்குக் காலையிலகூட அது மேல நின்னுதான் குளிச்சேன்."